வழுவும் வழாநிலையும்: பொருள்நோக்கு நிரல்களில் பிழை காணும் நெறி

மொழியைக் கற்போர் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்று சொற்களையும் இளமையிலேயே அறிந்திருப்பர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொற்கள் நெறி பிறழ்ந்து வருவதை வழு என்றும், பிறழாது வருவதை வழாநிலை என்றும், பிறழ்ந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்றும் நம் இலக்கண நூலார் பகுத்துரைத்தனர். கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களில் நேரும் பிழையைக் குறிக்கவும் இன்று தமிழில் வழு என்னும் இச்சொல்லே வழங்குகின்றது. மிகப் பொருத்தமான சொல்லாட்சி இது. ஒரு தொடரைக் கண்ட இலக்கண ஆசிரியர், 'இஃது எவ்விடத்தில் பிறழ்ந்தது? எவ்விதிக்கு முரணாயிற்று?' என்று வினவுகின்றார். நிரலாளரும் அவ்வினாக்களையே வினவ வேண்டியவராக இருக்கின்றார்.

வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, மருத்துவக் குறிப்பு, இரயில் பயணச்சீட்டு என வாழ்வின் பல துறைகளும் இணையத்தின் வழியே நடைபெறும் காலம் இது. நிரலில் மறைந்து கிடக்கும் ஒரு சிறு வழு, ஒருவருக்கே உரிய செய்தியை அயலார் கண்முன் வைத்துவிடக்கூடும். ஆகவே வழு காணும் நெறியைக் கணிப்பொறித் துறை மாணவர் மட்டுமின்றி ஏனையோரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் பயக்கும். அந்நோக்கில், உலகெங்கும் பயன்படும் 'ஜாங்கோ' என்னும் திறந்த மூலச் சட்டகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருள்நோக்கு நிரல்களில் தோன்றும் வழுக்களையும் அவற்றைக் களையும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பூச்சி தந்த பெயர்

ஆங்கிலத்தில் நிரற்பிழையைப் பூச்சி என்னும் பொருள்பட 'பக்' என்பர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த 'மார்க் 2' என்னும் பெருங்கணிப்பொறி பழுதுற்றது. அதனைத் திறந்து பார்த்தவர்கள், மின்தொடர்பு இணைப்பு ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். கணிப்பொறி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் இந்நிகழ்ச்சியைப் பலருக்கும் எடுத்துரைத்துப் புகழ்பெறச் செய்தார். அப்பதிவேடு இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனினும் அச்சொல் அன்று பிறந்ததன்று. தாமஸ் ஆல்வா எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கருவிகளில் நேரும் குறைகளைச் சுட்ட அதனைக் கையாண்டுள்ளார். மார்க் 2 கணிப்பொறியில் பிழை கண்ணுக்குத் தெரியும் பூச்சியாக இருந்தது. இன்றைய நிரல்களிலோ அது விதிகளுக்கு இடையில் மறைந்து நிற்கின்றது.

பொருள்நோக்கு நெறி

நிரல் என்பது தொடக்கத்தில் மேலிருந்து கீழாகச் செல்லும் கட்டளைத் தொகுப்பாகவே இருந்தது. நிரல்கள் பெருகப் பெருக அவற்றை ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரிலிருந்த நார்வேஜியக் கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டு என்னும் இருவர் உருவாக்கிய 'சிமுலா 67' என்னும் மொழி இதற்கு வழிகாட்டியது. இவ்விருவரும் 2001ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருதினைப் பெற்றனர். பின்னர் 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே முதலானோர் 'ஸ்மால்டாக்' மொழியின் வாயிலாக இந்நெறியை வளர்த்தெடுத்தனர்.

இந்நெறியின் அடிப்படைகள் மூன்றினை மட்டும் ஈண்டு விளக்குவோம். ஒரு நூலகத்திற்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். 'உறுப்பினர்' என்பவர் யாவர், அவருக்குரிய பண்புகள் எவை, அவர் செய்யக்கூடியவை எவை என்று வரையறுப்பது இனக்குழு ஆகும். அவ்வரையறையின்படி தோன்றும் ஒவ்வொரு தனி உறுப்பினரும் ஒரு பொருள் ஆவார். உறுப்பினர் என்னும் இனக்குழுவிலிருந்து 'ஆசிரிய உறுப்பினர்' என்னும் வேறோர் இனக்குழுவைத் தோற்றுவிக்கலாம். அது தாய் இனக்குழுவின் பண்புகள் அனைத்தையும் தானே பெற்றுக்கொள்ளும். இதனை மரபுரிமம் என்பர்.

உறுப்பினர் நூலை 14 நாள் வைத்திருக்கலாம் என்பது தாயின் விதி. ஆசிரிய உறுப்பினர் 30 நாள் வைத்திருக்கலாம் என்பது சேயின் விதி. இரண்டும் மோதுமிடத்துச் சேயின் விதியே வெல்லும். பொதுவிதியைச் சிறப்பு விதி விலக்கும் என்னும் இலக்கண முறைமையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆயின் இடர்ப்பாடு தோன்றுவதும் இவ்விடத்தில்தான். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் உள்ள விதிதான் செயற்படுகின்றது என்னும் உறுதி இல்லை. செயற்படும் விதி தாயிடத்தோ, தாய்க்குத் தாயிடத்தோ, பக்கத்தில் சேர்க்கப்பட்ட மற்றோர் இனக்குழுவிலோ இருக்கலாம். பொருள்நோக்கு நிரலில் வழு காண்பவர், 'என்ன எழுதப்பட்டுள்ளது?' என்பதோடு, 'எது உண்மையில் செயற்படுகின்றது?' என்றும் கேட்க வேண்டும்.

ஜாங்கோ என்னும் சட்டகம்

இணையத்தளம் ஒவ்வொன்றிற்கும் உள்நுழைவு, தரவுத்தளத் தொடர்பு, படிவச் சரிபார்ப்பு முதலியன தேவை. ஒவ்வொரு முறையும் இவற்றைப் புதிதாக எழுதுவது, நூற்குற்றங்களுள் ஒன்றாக நம் முன்னோர் விலக்கிய கூறியது கூறல் ஆகும். அதனைத் தவிர்க்கப் பொதுப்பணிகளை முன்னரே எழுதித் தருவது சட்டகம். ரூபி மொழியில் ரெயில்ஸ், பி.எச்.பி. மொழியில் லாராவெல் என்பன போலப் பைத்தான் மொழியில் அமைந்தது ஜாங்கோ.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் நகரில் வெளியாகும் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு' செய்தித்தாளில் பணியாற்றிய ஆட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் 2003ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினர். 2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இது திறந்த மூலமாக உலகிற்கு வழங்கப்பட்டது. புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் நினைவாக இப்பெயர் சூட்டப்பெற்றது. 2008ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை இதனைப் பேணி வருகின்றது.

ஓசையிடும் வழு

நிரல் வழுக்களை ஓசையிடும் வழு, ஓசையற்ற வழு என இருவகைப்படுத்தலாம். முன்னது நிரலை நிறுத்தித் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். பின்னது நிரலை ஓடவிட்டுத் தவறான பயனைத் தரும்.

ஓசையிடும் வழு தோன்றியவுடன் பைத்தான் மொழி ஒரு நீண்ட சுவட்டினை அச்சிடுகின்றது. எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது, அது வேறு எதனை அழைத்தது என்னும் வரலாறு அச்சுவட்டில் உண்டு. முதலில் நடந்தது மேலேயும் இறுதியில் நடந்தது கீழேயும் இருக்கும். புதியவர்கள் நாற்பது வரிகளைக் கண்டதும் மலைத்துவிடுவர். அதனைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். கடைசி வரி பிழையின் பெயரைக் கூறும். அதற்கு மேலே செல்லச் செல்ல, சட்டகத்திற்குரிய வரிகளும் நாம் எழுதிய வரிகளும் கலந்து வரும். நாம் எழுதிய கோப்பின் பெயர் எங்கே முதலில் தென்படுகின்றதோ அங்கே நின்று ஆராய்தல் தக்கது. பல்லாயிரவர் பயன்படுத்தித் தேறிய சட்டகத்தின்மேல் ஐயம் கொள்வதற்கு முன் நம் எழுத்தின்மேல் ஐயம் கொள்வதே முறை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வழு வெளிப்பட்ட இடமும் வழு பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'நன் என்பதற்கு இப்பண்பு இல்லை' என்னும் அறிவிப்பைப் பைத்தான் அடிக்கடி தரும். நன் என்பது இன்மையைக் குறிக்கும் சொல். ஒரு பொருள் இருக்கும் என்று நம்பிய இடத்தில் எதுவும் இல்லை என்பது இதன் கருத்து. அவ்வரியில் குற்றம் இல்லை. அப்பொருளைத் தந்திருக்க வேண்டிய செயற்கூறு வெறுங்கையோடு திரும்பியதே குற்றம். அதனை முன்னோக்கித் தேடிச் செல்லாமல், இன்மையை மறைக்கும் ஒரு நிபந்தனையை அவ்வரியில் சேர்த்துவிட்டால் ஓசை அடங்கும்; வழு அடங்காது. ஓசையிட்ட வழுவை ஓசையற்ற வழுவாக நாமே மாற்றியவர்கள் ஆவோம்.

ஓசையற்ற வழுக்கள் மூன்று

முதலாவது, வரிசை வழு. பைத்தான் மொழியில் ஓர் இனக்குழுவுக்குத் தாயர் பலர் இருக்கலாம். ஒரே பெயரிலான செயற்கூறு இருவரிடமும் இருப்பின் யாருடையதைக் கொள்வது? இதற்கென ஒரு தேடல் வரிசை வகுக்கப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டில் வெளியான பைத்தான் 2.3 பதிப்பு முதல் 'சி3' என்னும் முறையால் இவ்வரிசை கணிக்கப்படுகின்றது. எளிமையாகச் சொன்னால், இடப்பக்கம் எழுதப்பட்ட தாய்க்கே முன்னுரிமை.

ஜாங்கோவில் உள்நுழைந்தவர் மட்டுமே ஒரு பக்கத்தைக் காண வேண்டுமாயின், 'லாகின் ரெக்வயர்டு மிக்சின்' என்னும் காவல் இனக்குழுவைத் தாயருள் ஒருவராகச் சேர்ப்பர். இக்காவலர் இடப்பக்கத்தில் முதலாவதாக நிற்றல் வேண்டும். பட்டியலைக் காட்டும் 'லிஸ்ட்வியூ' இனக்குழுவை முதலிலும் காவலரை அதற்குப் பின்னும் எழுதிவிட்டால் என்ன நிகழும்? வரும் வேண்டுகோளை லிஸ்ட்வியூவின் மரபுவழி வந்த 'டிஸ்பாட்ச்' என்னும் செயற்கூறே முதலில் பெற்றுக்கொள்ளும். அது காவலரை அழைக்காமல் தானே விடை கொடுத்துவிடும். நிரல் நிற்காது, பிழையறிவிப்பும் வாராது, பக்கம் அழகாகத் தோன்றும். காவலர் வாயிலின் வெளிப்புறம் நிற்காமல், வீட்டின் பின்கட்டில் நிற்பதற்கு ஒப்பானது இது. எழுதியவர் தம் கணிப்பொறியில் எப்போதும் உள்நுழைந்த நிலையிலேயே சோதிப்பதால் இக்குறையை உணரார். முகவரியை அறிந்த எவரும் அப்பட்டியலைப் படித்துவிடலாம். அப்பட்டியலில் இருப்பவை நூற்பெயர்களாயின் இழப்பு சிறிது. நோயாளிகளின் பெயர்களாயின் அது எத்துணைப் பெரிது!

இரண்டாவது, பொதுமை வழு. இனக்குழுவின் உடலில் நேராக எழுதப்படும் பண்பு அதன் பொருள்கள் அனைத்திற்கும் பொதுவாகும். பொருள் தோன்றும்போது தனியே இடப்படும் பண்பு அப்பொருளுக்கே உரியதாகும். நூலகத் தளத்தில், தெரிவு செய்த நூல்களைச் சேர்த்து வைக்க ஒரு வெற்றுப் பட்டியலை இனக்குழுவின் உடலில் எழுதிவிட்டதாகக் கொள்வோம். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஜாங்கோ புதிய காட்சிப் பொருளைத் தோற்றுவிக்கின்றது. எனினும் பட்டியல் மட்டும் பொதுவாக நிற்பதால், முதலாமவர் சேர்த்த நூல்கள் இரண்டாமவரின் பக்கத்திலும் தோன்றும். பொருளின் பண்புக்குப் புதிய மதிப்பினை இட்டால் அது அப்பொருளுக்குத் தனியுடைமையாகிவிடும். உள்ள பட்டியலில் மேலும் ஒன்றைச் சேர்த்தால் பொதுப் பட்டியலே மாறிவிடும். இவ்வேறுபாட்டை உணராமையே இவ்வழுவின் வேர்.

இதனைக் கண்டுபிடிப்பது அரிது. ஒருவரே சோதிக்கும்போது இவ்வழு எளிதில் புலப்படாது. பெரிய தளங்களில் நிரலின் பல படிகள் ஒருங்கே ஓடுவதால், வேண்டுகோள் எப்படியைச் சென்றடைகின்றது என்பதைப் பொறுத்துச் சில நேரம் தோன்றும், சில நேரம் மறையும். வழங்கியை நிறுத்தித் தொடங்கினால் பட்டியல் வெறுமையாகி எல்லாம் சீராகிவிட்டது போலத் தோற்றம் தரும். அது நோய் தணிந்த தோற்றமே; நோய் தீர்ந்தமை அன்று.

மூன்றாவது, தாயை அழைக்க மறக்கும் வழு. தரவினைச் சேமிக்கும் 'சேவ்' என்னும் செயற்கூறு ஜாங்கோவின் தரவு இனக்குழுக்களில் உண்டு. சேமிக்குமுன் நூற்பெயரைச் சீர்செய்ய விரும்பும் ஒருவர் அதனைச் சேய் இனக்குழுவில் மீண்டும் எழுதுகின்றார். தம் வேலை முடிந்ததும் 'சூப்பர்' என்னும் சொல்லால் தாயின் சேவ் செயற்கூற்றினை அழைக்க வேண்டும். அழைக்க மறந்தால் பெயர் சீராகும். ஆனால் தரவுத்தளத்தில் எதுவும் பதியாது. பிழையறிவிப்பு இல்லை. பயனர்க்கு 'சேமிக்கப்பட்டது' என்னும் செய்தியும் காட்டப்படலாம். இரண்டு நாள் கழித்து அவர் தேடி வரும்போதே உண்மை வெளிப்படும்.

வழுவமைதியும் உண்டு

இதனோடு தொடர்புடைய மற்றொன்றையும் அறிதல் வேண்டும். ஆயிரம் பதிவுகளை ஒரே கட்டளையால் மாற்றும் 'அப்டேட்' முறையைக் கையாளும்போது, நாம் எழுதிய சேவ் செயற்கூறு அழைக்கப்படுவதே இல்லை. 'நம் விதி ஏன் இயங்கவில்லை?' என்று பலர் திகைப்பர். இது சட்டகத்தின் வழுவன்று. ஆயிரம் பொருள்களை ஒவ்வொன்றாகத் தோற்றுவித்துச் சேமித்தால் காலம் மிகும். ஆதலின் தரவுத்தளத்திற்கு ஒரே கட்டளையாக அனுப்பும் வகையில் இம்முறை வேண்டுமென்றே அமைக்கப்பட்டுள்ளது. ஜாங்கோவின் விளக்க நூலிலும் இது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. காரணம் பற்றி ஏற்கப்பட்ட பிறழ்ச்சியாதலின் இதனை வழுவமைதி எனல் பொருந்தும். விளக்க நூலைப் படியாதவர்க்கு வழுவமைதியும் வழுவாகவே தோன்றும்.

வழு களையும் நெறி

நல்ல மருத்துவர் மருந்தை முதலில் எடுப்பதில்லை. வழு களைவோரும் பின்வரும் ஒழுங்கினைக் கடைப்பிடித்தல் சாலச் சிறந்தது.

ஒன்று, வழுவை வேண்டும்போது மீண்டும் தோன்றச் செய்தல். எவ்வகைப் பயனர், எப்பக்கம், எவ்வுள்ளீடு என்பன தெளிவானால் பாதி வேலை முடிந்தது. மீண்டும் தோன்றச் செய்ய இயலாத வழுவைக் களைந்துவிட்டதாகக் கூறுவது வெறும் நம்பிக்கையே.

இரண்டு, எல்லையைச் சுருக்குதல். தொடர்பில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, வழு எஞ்சி நிற்கும் மிகச் சிறிய நிரலை அடைதல் வேண்டும். நேற்று வரை நன்றாக இயங்கியது இன்று பிழைபட்டதாயின், 'கிட்' என்னும் பதிப்புக் கருவியின் 'பைசெக்ட்' கட்டளை, மாற்றங்களை இருகூறாகப் பிரித்துப் பிரித்துக் குற்றமுள்ள மாற்றத்தைக் காட்டும். ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் விடை கிட்டும்.

மூன்று, ஊகிக்காமல் கேட்டறிதல். இனக்குழுவின் 'எம்.ஆர்.ஓ.' என்னும் தேடல் வரிசையை அச்சிட்டுப் பார்த்தால் யார் முன், யார் பின் என்பது உடனே விளங்கும். முற்கூறிய வரிசை வழுவை இவ்வொரு வரியே காட்டிக்கொடுத்துவிடும். பைத்தான் 3.7 பதிப்பு முதல் உள்ள 'பிரேக்பாயிண்ட்' என்னும் சொல்லை வேண்டிய இடத்தில் எழுதினால் நிரல் அவ்விடத்தில் நிற்கும். அப்போது ஒவ்வொரு பொருளின் நிலையையும் நாம் கேட்டறியலாம்.

நான்கு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்து வழு மறைந்தால், எது மருந்து என்பது தெரியாது. மற்ற இரண்டும் புதிய நோய்களை விதைக்கவும் கூடும்.

ஐந்து, களைந்த வழுவிற்குக் காவலாக ஒரு சோதனை நிரலை எழுதி வைத்தல். உள்நுழையாத ஒருவர் பட்டியல் பக்கத்தைக் கேட்டால், உள்நுழைவுப் பக்கத்திற்குத் திருப்பிவிடும் 302 என்னும் எண் விடையாக வர வேண்டும். 200 என்னும் எண் வந்தால் கதவு திறந்துகிடக்கின்றது என்பது பொருள். இச்சோதனையை வழுவுள்ள நிரலில் முதலில் ஓட்டி அது தோற்பதைக் கண்ட பின்னரே வழுவைத் திருத்துதல் வேண்டும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்காத சோதனையால் பயனில்லை.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வழு காண்பதற்கு உதவியாக ஜாங்கோ விரிவான பிழைப்பக்கம் ஒன்றைக் காட்டும். நிரலின் உள்வரிகளும் அப்போதைய மதிப்புகளும் அதில் வெளிப்படும். 'டீபக்' என்னும் அவ்வமைப்பினைப் பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்தில் அணைத்துவிடுதல் கட்டாயமாகும். மறந்தால், வழு காணும் கருவியே வழுவினும் பெரிய கேடாக முடியும்.

திறந்த மூலத்தின் சிறப்பு

மூடிய மென்பொருளில் வழு நேர்ந்தால் நாம் வெளியில் நின்று கதவைத் தட்ட வேண்டும். திறந்த மூலத்திலோ உள்ளே சென்று பார்க்கும் உரிமை எவர்க்கும் உண்டு. டிஸ்பாட்ச் செயற்கூறு என்ன செய்கின்றது என்னும் ஐயம் எழுந்தால் அதன் மூலத்தையே படிக்கலாம். அது சில வரிகளே. உரையாசிரியரை மட்டும் நம்பாது மூலபாடத்தை நேரே காண்பதன் பயனைத் தமிழ் மாணவர்க்குக் கூற வேண்டியதில்லை.

சட்டகத்திலேயே வழு இருப்பதாக உறுதிப்பட்டால், சுருக்கிய எடுத்துக்காட்டுடனும் பதிப்பு எண்ணுடனும் அதனைப் பொறுப்பாளர்க்கு அறிவிக்கலாம். திருத்தத்தையும் தாமே எழுதி அனுப்பலாம். பாதுகாப்பு பற்றிய வழுவாயின் அதனைப் பொதுவில் வெளியிடாது, பாதுகாப்புக் குழுவிற்குத் தனியே தெரிவிக்க வேண்டும் என்பது ஜாங்கோவின் விதி. திருத்தம் வருமுன் குறை பரவினால் தீயோர்க்கே அது பயன்படும் என்பதே காரணம். பலரும் செய்யும் பிழைகளைக் கண்டு சட்டகமும் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியான 5.1 பதிப்பில், விலக்களிக்கப்பட்டவை தவிர எல்லாப் பக்கங்களுக்கும் உள்நுழைவினைக் கட்டாயமாக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதனைப் பயன்படுத்தினால், ஒரு பக்கத்தில் காவலரை இடம்மாற்றி நிறுத்தினாலும் கதவு திறந்துகிடவாது.

முடிவுரை

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் நிரல் எழுதித் தருகின்றன. எனினும் ஓசையற்ற வழுவை அவை எழுதிய நிரலிலும் காணலாம். அந்நிரல் சரியானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதனை ஏற்று வெளியிடுவோரையே சாரும். ஆதலால் எழுதும் திறனைக் காட்டிலும் படிக்கும் திறனும் ஐயுறும் திறனும் இனிமேல் மிகுதியாக வேண்டப்படும்.

இவ்விரு திறன்களும் இலக்கணம் பயில்வார்க்குப் புதியன அல்ல. பொதுவிதி எது, சிறப்பு விதி எது, இவ்விடத்தில் எது செல்லும் என்று வினவிப் பழகிய மாணவர் நிரலின் முன்னும் அவ்வாறே வினவலாம். கணிப்பொறித் துறை மாணவரும் விளக்க நூலையும் மூலத்தையும் இலக்கண நூல் பயில்வது போல் சொல் சொல்லாகப் படிக்கப் பழகுதல் நன்று. நிரலின் மறுமுனையில் தம் பெயரையும் நோயையும் கடனையும் நம்பி ஒப்படைத்த ஒரு மனிதர் இருக்கின்றார். அவரை மறவாது செயற்படும் நிரலாளர் கையில் வழு குறையும், வழாநிலை ஓங்கும்.